கண்டியின் இறுதி மன்னன்: நாடகமும் வரலாறும்

இலங்கை வரலாற்று மாந்தருள் நாடக மேடைக்கு மிகவும் வாய்ப்பாக அமைந்தவன் கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனே எனலாம். 1906ஆம் ஆண்டில் யோன் த சில்வா அவன் கதையைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழ் மேடையும் கண்டிராஜா நாடகத்தை அறியும். அவனால் அழிந்த குடும்பத்தின் துயரம் 2014ஆம் ஆண்டில் ‘எஹலபொல குமாரிஹாமி’ என்னும் சிங்களத் திரைப்படமாயிற்று. இவ்வாறு மேடையும் திரையும் மீண்டும் மீண்டும் கையாண்டதன் விளைவாக மக்கள் நினைவில் ஒரு சித்திரம் நிலைபெற்றுவிட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்து இளைஞன் ஒருவன் சூழ்ச்சியாற் சிம்மாசனமேறுகிறான். அதிகார போதையிற் கொடுங்கோலனாகிறான். இறுதியில் அந்நியனுக்கு உரிய தண்டனையாக நாடுகடத்தப்படுகிறான். இச்சித்திரத்தின் உறுப்புகள் பலவும் உண்மையே. ஆயினும் அவை ஒன்றோடொன்று பொருத்தப்பட்டுள்ள முறை ஐயத்துக்குரியது. அவன் கொடியவனாய் இருந்தமைக்கும் வெளியிலிருந்து வந்த குலத்தவனாய் இருந்தமைக்கும் இடையே காரணகாரியத் தொடர்பு ஒன்றை நாடகம் கற்பிக்கின்றது. அத்தொடர்பை முதன்முதலில் எழுத்தில் வடித்தவர் நாடகாசிரியர் எவருமல்லர்; 1815ஆம் ஆண்டின் பிரித்தானிய அரசாங்கமே.

மலைநாட்டின் தலைநகரில் மதுரைப் பக்கத்துக் குடும்பமொன்றின் இளைஞன் அரசனாவது எங்ஙனம் இயன்றது என்பதே முதலில் எழவேண்டிய வினா. கண்டி இராச்சியத்தின் அரசுரிமை மரபு இதற்கு விடை தரும். அரசன் சூரியவம்சத்து க்ஷத்திரியனாய் இருத்தல் வேண்டும். அவன் பட்டத்தரசியும் அக்குலத்தவளாய் இருத்தல் வேண்டும். மலைநாட்டின் ரதல பிரதானிகள் எத்துணைச் செல்வாக்குப் படைத்தவராயினும் அக்குலத்தவரல்லர். ஆகவே மணமகள் கடல்கடந்தே வரவேண்டியிருந்தது. நரேந்திரசிங்கன் (1707–1739) மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பத்திற் பெண்கொண்டான். அவனுக்குப் பட்டத்தரசி வழியிற் பிள்ளையில்லை. கண்டிப் பிரதானி குலத்துப் பெண்ணொருத்தி வழிப் பிறந்த உனம்புவே பண்டார என்னும் மகன் இருந்தான். எனினும் தாயின் குலங் காரணமாக அவன் ஒதுக்கப்பட்டான். அரசியின் சகோதரன் 1739இல் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். உள்ளூரிற் பிறந்த மன்னன் மகனைவிட வெளியூரிற் பிறந்த மைத்துனன் தகுதியுடையவனாகக் கருதப்பட்டமை இன்றைய மனத்துக்கு விந்தையாய்த் தோன்றலாம். அன்றைய பிரதானிகளுக்கு அது விந்தையன்று, வசதி. தம்முள் ஒருவன் அரசனாவதை ஏனையோர் பொறார். வெளியூரானுக்கோ மலைநாட்டில் ஊரில்லை, பரம்பரை நிலமில்லை, அவன் பின் திரளும் குடிகளில்லை. அவன் எல்லார்க்கும் சமதூரத்தில் நிற்பவன்.

இத்தகைய ஏற்பாடு கண்டிக்கு மட்டும் உரியதன்று. 1701ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1714இல் ஜேர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜோர்ஜை வரவழைத்து முடிசூட்டிய நாடு இங்கிலாந்து. கண்டி மன்னனை அந்நிய குலத்தான் என 1815இற் பழித்தவர்கள் அதே ஹனோவர் குலத்து மூன்றாம் ஜோர்ஜின் பெயராலேயே பழித்தார்கள்.

நாயக்க மன்னர் நால்வருள் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) வெளியிலிருந்து வந்த ஒருவன் தன் தகுதியை எவ்வாறு நாட்டினான் என்பதற்குச் சிறந்த சான்று. வெலிவிட்ட சரணங்கரரின் முயற்சிக்குத் துணைநின்று, ஒல்லாந்தரின் கப்பலுதவி கொண்டு, சீயத்திலிருந்து உபாலி தேரர் தலைமையிற் பிக்குமாரை வரவழைத்து, 1753இல் அற்றுப்போயிருந்த உபசம்பதா மரபை அவன் மீட்டான். தேவாலயங்களின் விழாவாயிருந்த எசல பெரகராவிற் புனித தந்தம் முதலிடம் பெற்றதும் அவன் காலத்திலேயே. கண்டியைச் சூழவுள்ள கங்காராம, தெகல்தொருவ விகாரைகளின் சுவரோவியங்களைக் காண்போர் அவனது ஆதரவின் பரப்பை உணர்வர். சூளவம்சத்தின் தொடர்ச்சியை எழுதிய பிக்கு அவனைப் புகழ்ந்து தள்ளுகிறார். இத்தனைக்கும் அவன் நெற்றியில் நீறு அணிவதை விட்டானில்லை என்பது குறையாகப் பேசப்பட்டது. 1760இல் மல்வத்தை விகாரையிற் பணகேட்க வரும் மன்னனைக் கொன்று சீய இளவரசன் ஒருவனை அரியணையேற்றும் சதி உருவாகி, வெளிப்பட்டு, சமனக்கொடி அதிகாரின் தலையைக் கொண்டது. சரணங்கரரும் குற்றஞ்சாட்டப்பட்டார். இச்சதி நாயக்கரின் அந்நியத்தன்மைக்கு எதிரான கிளர்ச்சி எனக் கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: மாற்றாகக் கொணரப்பட்டவன் நாயக்கனைவிட இன்னும் தொலைவிலிருந்து வந்தவன். சதிகாரருக்கு வேண்டியிருந்தவன் உள்நாட்டான் அல்லன், பௌத்தன்.

நாயக்கரைப் பற்றிய உண்மையான மனக்குறை வேறொரு புறத்தில் வளர்ந்தது. அரசிகளோடு வந்த உறவினர் கண்டியின் குமாரப்பே வீதியில் வாழ்ந்தனர். ஆங்கிலேயர் இவ்வீதியை மலபார் வீதி என்றனர். அவர்களுள் வணிகம் செய்தோரும் வட்டிக்குக் கடன் கொடுத்தோரும் இருந்தனர். அவர்களிடம் கடன்பட்ட பிரதானிகளும் இருந்தனர். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் கைப்பற்றிக் கண்டியைக் கடலின்றிச் செய்தபின், உள்நாட்டிற் சுருங்கிய வருவாயைப் பங்கிடுவதிற் போட்டி கூர்மையடைந்தமை இயல்பே. கடன்காரனை வெறுப்பதற்கு இனப்பெயர் ஒன்று கிடைத்தால் வெறுப்பு எளிதாகின்றது.

இராஜாதி இராஜசிங்கன் 1798இற் பிள்ளையின்றி இறந்தபோது அரசியின் சகோதரனான முத்துச்சாமி உரிமை கோரினான். ஆனால் முதலாம் அதிகாராகிய பிலிமத்தலாவை தேர்ந்தெடுத்தது அரசி வழி உறவினனான கண்ணுச்சாமியை. வயது ஏறக்குறையப் பதினெட்டு. கல்வி குறைவு; ஆதரவாளர் இலர். இவையே அவனுடைய தகுதிகள். நாடகங்கள் இவனை அதிகார வேட்கை கொண்டவனாகத் தொடக்கத்திலேயே காட்டுவதுண்டு. உண்மையில் 1798இன் வேட்கை பிலிமத்தலாவையினுடையது. அடுத்த ஆண்டே அவன் பிரித்தானிய தேசாதிபதி பிரெடரிக் நோர்த்துடன் அவிசாவளையில் இரகசியப் பேச்சைத் தொடங்கினான். தான் ஏற்றிய மன்னனைத் தானே அகற்ற ஆங்கிலேயரின் படையுதவியை நாடினான். கரையோரத்தை 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து பெற்றிருந்த ஆங்கிலேயர்க்கு இது தேடிவந்த வாய்ப்பு. பாக்கு வணிகர் சிலரின் சரக்குப் பறிக்கப்பட்டதைக் காரணங்காட்டி 1803 பெப்ரவரியில் அவர்கள் கண்டியைக் கைப்பற்றி, தம்மிடம் அடைக்கலம் புகுந்திருந்த முத்துச்சாமியை அரசனாக்கினர். அப்போது ஒரு நாயக்கன் இடத்தில் இன்னொரு நாயக்கனை அமர்த்த அவர்களுக்கு எத்தடையும் தோன்றவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. மலைக்காய்ச்சலும் பட்டினியும் அப்படையை அழித்தன. யூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்தான். முத்துச்சாமி கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். படைவீரர் வெட்டி வீழ்த்தப்பட்டனர். வட்டப்புளுவையில் மகாவலிக் கரையிலுள்ள டேவி மரத்தின் நினைவுச்சின்னம் அச்சம்பவத்தைச் சுட்டி நிற்கின்றது.

இப்போருக்குப் பின்னரே கண்ணுச்சாமி மெய்யாகவே விக்கிரம இராஜசிங்கனாகிறான். பொம்மையாக அமர்த்தப்பட்டவன் அரசனாக ஆளத் தொடங்கியமையே பிரதானிகளின் நோக்கில் அவனது முதற் குற்றம். அவர்களுடைய பெரிய நிருவாகப் பிரிவுகளை அவன் குறைக்க முயன்றான், பதவிகளை மாற்றினான், முறைப்பாடுகளைத் தானே கேட்டான். தலைநகரைத் தன் பெயர் சொல்லும் நகராக்க முனைந்தான். தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பாசாரியின் கைவண்ணத்தில் தலதா மாளிகையின் முகப்பில் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ எழுந்தது. அதன் முன்னிருந்த வயல்நிலம் அணைகட்டி மறிக்கப்பட்டுக் கிரிமுகுத எனப்படும் வாவியாயிற்று. இன்று கண்டியைக் காண வருவோர் யாவரும் முதலில் வியப்பது இவ்விரண்டையுமே. ஆயினும் இராசகாரிய முறைப்படி ஊதியமின்றி மண்சுமந்த குடியானவனுக்கு அவ்வாவி அழகாகத் தோன்றியிராது. படையெடுப்பும் பஞ்சமும் கண்ட நாட்டில் பயிரிடும் காலத்து உழைப்பைப் பறித்து அலங்கார நீர்நிலை அமைத்தது, பிரதானிகளின் வெறுப்போடு மக்களின் வெறுப்பையும் சேர்த்துத் தந்தது. மன்னனின் வீழ்ச்சிக்கு வித்திட்ட காரணங்களுள் வாவியை ஆய்வாளர் பலர் சிறிதாகவே எண்ணுகின்றனர். அது தவறு எனவே தோன்றுகின்றது. பிரதானிகளின் சதிகள் மூன்று ஆட்சிகளிலும் நடந்தவை. குடிமக்கள் மன்னனைக் கைவிட்டது இவ்வொரு ஆட்சியிலேயே.

சதி செய்தான் என்னும் குற்றச்சாட்டிற் பிலிமத்தலாவை 1812ஆம் ஆண்டளவில் மரண தண்டனை பெற்றான். அவனிடத்துக்கு வந்த எஹலபொலையும் அவ்வழியே சென்றான். சபரகமுவையில் அவன் 1814இல் எழுப்பிய கிளர்ச்சி தோற்க, அவன் ஆங்கிலேயர் பகுதிக்கு ஓடினான். குடும்பம் கண்டியில் அகப்பட்டுக்கொண்டது. அதன்பின் நடந்தது இலங்கை முழுவதும் அறிந்த கதை. தேவாலயங்களுக்கு நடுவிலுள்ள வெளியிற் பிள்ளைகளின் தலைகள் வெட்டப்பட்டன. மூத்தவன் அஞ்சி ஒடுங்க, இளையவனான மத்தும பண்டார தானே முன்வந்து கழுத்தை நீட்டினான். தாய் போகம்பரை வாவியில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். வெட்டுண்ட தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் கட்டாயப்படுத்தப்பட்டாள் என்பது வரையிற் செவிவழிச் செய்தி விரிகின்றது. அதனை நூலில் எழுதி உலகறியச் செய்த யோன் டேவி 1816இலேயே இலங்கைக்கு வந்தவர். பிறர் சொல்லக் கேட்டெழுதியவர். அக்காலத்தில் இலங்கையிற் படைமருத்துவராயிருந்த ஹென்றி மார்ஷல் 1846இல் வெளியிட்ட நூலில் மன்னன் மீதான குற்றச்சாட்டுகளோடு ஆங்கிலேயரின் சூழ்ச்சிகளையும் நிறுத்துப் பார்க்கின்றார். எனினும் உரல் பற்றிய ஐயம் கொலை பற்றிய ஐயமாகாது. பிள்ளைகள் கொல்லப்பட்டனர், தாய் கொல்லப்பட்டாள். கொன்றவன் நம் மொழி பேசியவன் என்பதற்காக அதனை மெழுகிவிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தமிழில் எழுந்த சில எழுத்துகள் அவ்வாறே செய்துள்ளன.

அதே வேளையில் ‘கடைசித் தமிழ் மன்னன்’ என அவனைக் கொண்டாடுவதும் ஆராயத்தக்கது. நாயக்கரின் குடிமொழி தெலுங்கு. நெடுங்காலம் தமிழகத்தில் வாழ்ந்தமையால் தமிழும் அவர்கள் வழங்குமொழியாயிற்று. கண்டி அரசவையிற் சிங்களத்தோடு தமிழும் வழங்கிற்று. ஆனால் அவன் ஆண்டது தமிழனாகவோ தெலுங்கனாகவோ அன்று. பௌத்த சாசனத்தின் காவலனாக, சூரியவம்சத்தவனாக, சிங்களப் பட்டப்பெயரோடு. மொழியை அடிப்படையாகக் கொண்டு அரசனை நம்மவன் எனவும் அந்நியன் எனவும் பிரிக்கும் பார்வை பிற்காலத்தது. அப்பார்வை உருவாவதில் இன்னொரு மனிதனின் பேனாவுக்குப் பெரும் பங்குண்டு.

அவன் யோன் டொயிலி. கண்ணுச்சாமி சிம்மாசனமேறி மூன்றாண்டுகள் கழித்து, 1801இல், கேம்பிரிட்ஜிற் கல்வி முடித்த இளைஞனாக இலங்கைக்கு வந்தவன். மாத்தறையிற் கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்று ஆங்கில அதிகாரிகளுள் ஈடிணையற்ற புலமை பெற்றான். கஜமன் நோனா என்னும் கவிஞர் அவனிடம் செய்யுளில் விண்ணப்பித்து நிலம் பெற்றாள் என்பர். கடல்கடந்து வந்து, நாட்டு மொழியும் வழக்கமும் பயின்று, பிக்குமாரிடமும் பிரதானிகளிடமும் நம்பிக்கை ஈட்டி, கண்டியின் அதிகார மையத்தை அடைந்தவன் அவன். வேட்கையுடைய புலம்பெயர்ந்தவன் ஒருவனை அக்காலக் கண்டிக் கதையில் தேடுவோர்க்கு, சிறுவயதிற் பிறரால் அமர்த்தப்பட்ட கண்ணுச்சாமியைவிட டொயிலியே பொருத்தமானவன். 1810 முதல் 1815 வரை அவன் எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சாயிற்று. ஒற்றர் வரவு, ஓலைச் செய்தி, எந்தத் திசாவை எப்பக்கம் சாய்கிறான் என்னும் கணக்கு ஆகியவற்றால் அது நிறைந்துள்ளது. ஒரு சிம்மாசனம் உள்ளிருந்து எவ்வாறு அரிக்கப்பட்டது என்பதை நாள்தோறும் பதிந்துவைத்த இத்தகைய ஆவணம் அருமையானது. நாடகாசிரியர் எவரும் அதனைக் கைக்கொள்ளாதது வியப்பே.

கரையோர வணிகர் பதின்மர் கண்டியில் அங்கஹீனம் செய்யப்பட்டமை போருக்கு வாய்ப்பாயிற்று. 1815 சனவரியிற் போர்ப் பிரகடனம் வந்தது. பெரும் எதிர்ப்பின்றியே பெப்ரவரியிற் படைகள் கண்டியை அடைந்தன; 18ஆம் நாள் மெதமகாநுவரைப் பகுதியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவவிற் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. டொயிலியின் கைவண்ணம் பதிந்த இவ்வொப்பந்தம் பௌத்த சமயத்துக்கு அளித்த வாக்குறுதிக்காகவே பெரிதும் பேசப்படுகின்றது. தமிழ் வாசகர் அதன் முதல் மூன்று வாசகங்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். முதலாவது மன்னனின் கொடுமைகளைக் கூறுகின்றது. கூறும்போதே அவனை மலபார் ஆட்சியாளன் எனக் குறிக்கின்றது. இரண்டாவது அவனை நீக்கி, அவன் குடும்பத்தின் உரிமை முழுவதையும் அழிக்கின்றது. மூன்றாவது அவன் உறவினர் எனப்படும் ஆடவரைப் பகைவராகப் பிரகடனப்படுத்தி, வெளியேற்றப்பட்ட மலபார் ஆடவர் அனுமதியின்றி மலைநாட்டுக்குத் திரும்புதலைத் தடுக்கின்றது. ஒருவன் செய்த கொடுமை மூன்று வாசகங்களுக்குள் ஓர் இனத்தின் குற்றமாக விரிந்துவிடுகின்றது. இதில் ஒப்பமிட்ட பிரதானிகள் சிலரின் கையெழுத்துகளில் தமிழ் எழுத்துகள் கலந்துள்ளமை, மொழியும் குலமும் அன்று எவ்வளவு நெகிழ்ச்சியாய் வழங்கின என்பதற்கு ஒப்பந்தமே தரும் சான்று.

அரசியல் நோக்கில் இவ்வாசகங்களின் தேவை தெளிவு. மன்னனை அகற்றினால் மட்டும் போதாது. அவனுக்குப்பின் உரிமை கோரக்கூடிய நாயக்கர் எவரும் எஞ்சலாகாது. கொடுமை ஒன்றையே காரணமாகக் கூறியிருப்பின் நல்லவனான இன்னொரு நாயக்கனைப் பிரதானிகள் கேட்டிருப்பர். ஆகவே குலமே குற்றமாதல் வேண்டியிருந்தது. மலபார் ஆடவர்க்கு மலைநாட்டை மூடிய அதே ஆட்சி, 1820களிற் கம்பளைப் பக்கத்திற் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபின், தென்னிந்தியாவிலிருந்து ஆண்களையும் பெண்களையும் கூட்டங்கூட்டமாய் அதே மலைகளுக்குக் கொணர்வித்தது. அரியணைக்கு ஆகாதவர் கூலிக்கு ஆயினர்.

மன்னன் 1816 சனவரியில் ‘கோர்ன்வாலிஸ்’ கப்பலிற் குடும்பத்துடன் சென்னைக்கு அனுப்பப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டான். 1832 சனவரி 30இல் அங்கேயே இறந்தான். டொயிலி கண்டியின் வதிவிடப் பிரதிநிதியானான். பரோனெற் பட்டமும் பெற்றான். மணமாகாதவனாய் 1824இல் இறந்து, கண்டிப் படையினர் மயானத்தில் அடக்கப்பட்டான். எஹலபொலைக்கு அரியணை கிடைக்கவில்லை. அவன் 1818இற் கைதாகிப் பின் மொரிசியசுக்கு அனுப்பப்பட்டு 1829இல் மாண்டான். ஆங்கிலேயருக்கு வழிதிறந்தவனும் ஆங்கிலேயரால் வீழ்த்தப்பட்டவனும் ஈற்றில் அயல்மண்ணிலேயே அடங்கினர்.

நாயக்க மன்னர்மீது எழுந்த எதிர்ப்பு எத்துணை அளவுக்கு இன உணர்ச்சியின் வெளிப்பாடு என்பது பேராதனை வளாகத்திலேயே நீண்ட விவாதத்துக்குரியதாயிற்று. சிங்கள பௌத்த உணர்வு அன்றே செயற்பட்டது என கே. என். ஓ. தர்மதாச வாதித்தார், பிற்கால உணர்வை முற்காலத்தின்மேல் ஏற்றிவைத்தல் தகாது என ஆர். ஏ. எல். எச். குணவர்தன மறுத்தார். அவ்விவாதத்தின் நுணுக்கங்கள் தனியே ஆராயத்தக்கவை. ஆயினும் 1817ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் குணவர்தனவின் பக்கத்துக்கே வலுச்சேர்க்கின்றன.

அவ்வாண்டு ஊவாவிற் பிரித்தானியருக்கெதிராகப் பெருங்கிளர்ச்சி வெடித்தது. அந்நியன் என நாயக்கனை மக்கள் வெறுத்திருப்பின், இரண்டே ஆண்டுகளில் அவர்கள் திரண்ட கொடி சிங்களப் பிரதானி ஒருவனுடையதாய் இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறன்று. அவர்கள் திரண்டது துரைச்சாமி என்னும் நாயக்க இளவரசனின் பின்னே. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையும் அவன் பக்கம் சேர்ந்தான். ஆங்கிலேயர் ஊர்களை எரித்தனர், பயிரை அழித்தனர், கால்நடைகளைக் கொன்றனர். ஊவாவின் வயல்கள் பாழாயின. நாகரிகத்தின் பெயரால் ஒரு கொடுங்கோலனை அகற்றியோர் செய்த இச்செயலுக்கு உரல் பற்றிய கதைபோல ஒரு நாடகம் எழுந்ததில்லை. கிளர்ச்சி தளர்ந்தமைக்கு இவ்வழிவு ஒரு காரணம். மற்றொன்று 1818இல் மடுகல்லை திசாவை கண்டுபிடித்த ஓர் உண்மை. துரைச்சாமி துரைச்சாமியல்லன். அவன் வில்பாவே என்னும் முன்னாட் பிக்கு. மலைநாட்டிற் பிறந்த சிங்களவன். மடுகல்லை அவனையும் கெப்பெட்டிபொலையையும் பிடித்துத் தொழுவில் மாட்டினான். மன்னனாக ஏற்று வணங்கியவன் புலம்பெயர்ந்து வந்த குலத்தானல்லன், தம்முள் ஒருவனே என்றறிந்த பிரதானிகள் ஏமாற்றப்பட்டோம் எனக் கொதித்தனர்.